நாடகாசிரியர் என்னும் பயிற்றுநர்: சங்கரதாஸ் சுவாமிகளின் அரங்க வாழ்வும் திண்டுக்கல் சமவெளியின் நாடக வழக்கும்

முன்னுரை

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைத் (1867–1922) தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனக் குறிப்பது நாடக வரலாற்றில் நிலைபெற்ற மரபாகும். ஆசிரியர் என்னும் சொல் இன்று நூலை இயற்றியவரையே முதற்கண் நினைவூட்டுகிறது. ஆகவே சுவாமிகளைப் பற்றிய ஆய்வுகளும் அவர் எழுதிய நாடகங்களின் தொகை, அவற்றின் யாப்பு, அவற்றில் பயின்றுவரும் பழந்தமிழ் நூற்கருத்துகள் ஆகியவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளன. சுவாமிகள் வாழ்ந்த காலத்து நாடகக் கம்பெனிகளில் அச்சொல் சுட்டிய தொழில் வேறு. வாத்தியார் எனப் பேச்சில் அழைக்கப்பெற்ற நாடகாசிரியர், நடிகனைத் தேர்ந்து, வேடம் வகுத்து, பாட்டும் வசனமும் வாய்மொழியாகக் கற்பித்து, ஒத்திகை நடத்தி, மேடையேற்றம் வரை பொறுப்பேற்பவர். எழுதுதல் அப்பணியின் ஒரு கூறு மட்டுமே. நடிகனுக்குக் கொடுக்கப்பெறும் எழுத்துப் படிக்குப் 'பாடம்' என்றே பெயர் வழங்கியது. மூலநூல், கற்பிக்கப்படுவது என்னும் இரு பொருளும் அச்சொல்லில் ஒருங்கே அமைந்திருப்பது தற்செயலன்று.

சுவாமிகளின் வாழ்வை இப்பொருளில், அதாவது அரங்கப் பயிற்றுநர் ஒருவரின் வாழ்வாக நோக்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. ஒத்திகையையும் ஒழுங்கையும் உயிரெனக் கொண்டு, அவற்றின் பொருட்டே வளர்ந்த நடிகர்களை விடுத்துச் சிறுவர்களைப் பயிற்றத் தலைப்பட்டவர் அவர். அவருடைய நாடகங்களோ இன்று ஒத்திகையே இல்லாத ஒரு மேடையில்தான் உயிர் வாழ்கின்றன. அம்மேடை நிலைத்திருக்கும் நிலப்பரப்புகளுள் திண்டுக்கல்லும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களும் அடங்கும்.

இளமையும் கல்வியும்

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணப் புலமையால் சிறப்புற்றவர், தாயார் பேச்சியம்மாள். பிள்ளைமைப் பெயர் சங்கரன். தந்தையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தொடர்ந்தது. பின்னாளில் நாடகத்துறையில் பெயர்பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயரும் அவரிடம் உடன் கற்றவர் என்பர்.

இக்கல்வியின் தன்மை கருதத்தக்கது. வெண்பா, கலித்துறை, விருத்தம், வண்ணம் ஆகியவற்றை எழுத்தாணியின் துணையின்றி நாவாலே பாடிப் பழகும் புலவர் மரபு அது. ஈற்றடி கொடுத்தால் முன்னடிகளை உடனே நிரப்புவதும், கேட்ட சந்தத்திற்கு நின்ற இடத்திலேயே சொல் அமைப்பதும் அம்மரபில் அன்றாடப் பயிற்சி. சுவாமிகளின் நாடக ஆக்க விரைவைத் தெய்வ அருளாகக் கூறும் வரலாறுகள் பல உள. அருளை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இத்தகைய நாவழிக் கல்வியை அடித்தளமாகக் கொள்ளாமல் அவ்விரைவை விளக்கவியலாது.

கல்வி முடித்த சங்கரன் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சிறிதுகாலம் பணிபுரிந்தார். 1891ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், அவ்வேலையை விட்டு நாடகத்துறையில் புகுந்தார். அதே ஆண்டிலேதான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஒரே ஆண்டில் தொடங்கிய இவ்விரு வாழ்வுகளும் ஒன்றையொன்று தொடாமலே நெடுந்தூரம் சென்றன. சுகுண விலாச சபையார் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். வழக்குரைஞர், அலுவலர் எனப் பிற தொழிலால் வாழ்ந்து, விருப்பத்தால் நடித்தவர்கள். சங்கரதாசர் சேர்ந்த உலகில் நடிப்பே சோறு. ஊர் ஊராகக் கொட்டகை கட்டி, வசூல் குறைந்தால் அடுத்த ஊருக்கு நகரும் கம்பெனிகளின் உலகம் அது. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் இருப்புப்பாதை அமைந்தபின், திரைச்சீலைகளையும் உடைப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிகள் நகர்வது எளிதாயிற்று. நாடகம் தெருக்கூத்தின் இரவு வெளியினின்றும் நுழைவுச்சீட்டுக் கொட்டகைக்குள் புகுந்த காலம் அதுவே.

நடிகர் நிலையினின்று ஆசிரியர் நிலைக்கு

சுவாமிகள் முதலில் இணைந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடகசபையில். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் அவருக்கு அமைந்தன. நெடிய உருவமும் கம்பீரமான குரலும் உடையவர்க்கே இவ்வேடங்கள் அன்று வழங்கப்பெற்றன.

நடிப்பை அவர் கைவிட்டமைக்கு மாணவர் வழக்கில் இரு நிகழ்ச்சிகள் காரணமாகக் கூறப்படுகின்றன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக வேடமிட்டவர், விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது அவரைக் கண்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர்நீத்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாகத் தோன்றிய ஆவேசத்தைக் கண்டு அவையிலிருந்த கருவுற்ற பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தது என்பது மற்றொன்று. பெருநடிகர் பலரைப் பற்றியும் பல மொழிகளில் இவ்வகைக் கதைகள் வழங்குவதால், இவற்றை நிகழ்ந்தவாறே கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் இக்கதைகள் காக்கும் செய்தி ஒன்று உண்டு. நடிப்பு கட்டின்றிப் பெருகினால் அது ஆற்றலாக மட்டும் நில்லாது, பிழையாகவும் ஆகும் என்னும் எண்ணம் அவருடைய மாணவர்களிடம் வேரூன்றியிருந்தது. அவர்கள் தம் ஆசிரியரை நினைவுகூர்ந்த முறையிலேயே அவர் கற்பித்த நாடகக் கொள்கையின் சாயல் காணப்படுகிறது.

பின்னர்ச் சாமி நாயுடு நாடகசபையில் ஆசிரியராகவும் சூத்திரதாரராகவும் பணியாற்றினார். சூத்திரதாரர் மேடையில் தோன்றுபவர். எனினும் கதைமாந்தர் அல்லர். நாடகத்தைத் தொடங்கி, கதையை அறிவித்து, அவையின் கருத்தை நெறிப்படுத்துபவர். நடிகர் நிலைக்கும் பயிற்றுநர் நிலைக்கும் இடைப்பட்ட படி எனலாம்.

இடையே உலகியலில் வெறுப்புற்றுத் தலயாத்திரை மேற்கொண்டார். துறவுக்கோலம் பூண்டதும் சுவாமிகள் என்னும் பெயர் நிலைத்ததும் இக்காலத்திலாகும். இல்லறம் புகாத அவருக்கு வீடும் கிளையும் இறுதிவரை நாடகசபைகளே. துறவியாய்த் திரிந்தவரைப் புதுக்கோட்டையில் தம்மோடு இருத்தி, மகன்மை கொண்டு போற்றியவர் கஞ்சிரா வித்தகர் மான்பூண்டியா பிள்ளை. இத்தொடர்பு போதிய அளவு ஆராயப்பெறவில்லை. பழனியில் பெற்ற யாப்பறிவோடு புதுக்கோட்டையின் தாள அறிவு கலந்ததனால்தான் சுவாமிகளின் சந்தப் பாடல்கள் மேடைக்குரிய விறுவிறுப்பைப் பெற்றன. ஏட்டில் படிக்குங்கால் சொல்லடுக்காய்த் தோன்றும் அடிகள், மிருதங்கத்தோடு பாடப்பெறும்போது நடிகனின் நடையையும் திரும்புதலையும் தாமே வகுத்துவிடுகின்றன. அசைவுக் குறிப்பு ஒன்றும் எழுதாமலே நடிகனை இயக்கும் உத்தி இது.

மீண்டும் நாடகத்துறைக்கு வந்தவர் வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் சபைகளில் ஆசிரியராக விளங்கினார். வள்ளி, அல்லி என்னும் வேடப் பெயர்களே நடிகர்க்கு அடைமொழியாய் அமைந்த காலம் அது. 1910இல் சமரச சன்மார்க்க நாடகசபையைத் தோற்றுவித்தார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா இளமையில் சுவாமிகளிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர்.

பாடம் உருவான முறை

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் நாற்பது அளவின என்பது வழக்கு. கிடைப்பவை அவற்றுள் ஒரு பகுதியே. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி, இலவகுசா, பிரகலாதன், சதி அனுசூயா, சுலோசனா சதி முதலியன பரவலாக அறியப்பட்டவை. வடமொழி மிருச்சகடிகத்தையும், சேக்சுபியரின் ரோமியோ சூலியத்து, சிம்பலின் ஆகியவற்றையும் அவர் தமிழ் மேடைக்கு ஆக்கினார் என்பதும் நினைவிற்குரியது. புராண நாடகங்களுக்குள் மட்டும் அடங்கியவர் என்னும் பொதுக்கருத்து இதனால் திருத்தம் பெறுகிறது.

இந்நாடகங்களின் மொழி, மேடைக்குக் கடினமானது என்னும் குறை அன்றும் இன்றும் கூறப்படுவதுண்டு. திருக்குறளும் நாலடியாரும் கூறும் கருத்துகள் அரசனது உரையாடலில் மட்டுமின்றித் தோழியின் பேச்சிலும் இடம்பெறுகின்றன. பாத்திரத்தின் தகுதிக்கேற்ற மொழி என்னும் அளவுகோலால் நோக்கினால் இது பிழையே. சுவாமிகள் இதனை அறியாது செய்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பள்ளி செல்லும் வாய்ப்பற்ற நடிகர்கள் மனப்பாடம் செய்த அப்பாடங்களே அவர்களுக்குத் தமிழ்க் கல்வியாயின. பயிற்றுநரின் நோக்கம் நாடகக் கலைஞரின் நோக்கத்தை விஞ்சிய இடங்கள் என இவற்றைக் கூறுதல் தகும்.

கோவலன் நாடகம் மதுரையில் நடந்தபோது, அவ்வூரைப் பழிப்பதுபோல் அமைந்த தொடர் ஒன்றைக் கேட்டு அவையினர் கொதித்தெழுந்தனர் என்றும், சுவாமிகள் அவைமுன் வந்து அத்தொடரை வேறாகப் பிரித்து, தேவியர் உறையும் ஊர் எனப் பொருள் விரித்து அமைதிப்படுத்தினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. புலமையின் வெற்றியாக இது பேசப்படுகிறது. அரங்க வரலாற்றுக்கு வேறொரு வகையிலும் இச்செய்தி பயன்படும். அவையினர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டனர்; பொருள் புரிந்தே சினந்தனர். கடினமான மொழி என இன்று கருதப்படுவது அக்காலக் கொட்டகையின் பின்வரிசை வரை எட்டியிருந்தது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

பாலர் சபை

வளர்ந்த நடிகர்களோடு பணியாற்றிய ஆண்டுகளில் சுவாமிகள் கண்ட இடர்கள் பல. பெயர்பெற்ற நடிகர் பாடத்தில் நில்லாமல் தம் திறம் காட்டச் சொந்தச் சரக்கைச் சேர்ப்பர், எதிர்நடிகரை மேடையிலேயே மடக்குவர், ஒத்திகைக்கு வாரார், கூடுதல் ஊதியம் கிடைத்தால் நாடகத்திற்கு முதல்நாள் வேறு சபைக்குப் போய்விடுவர். குடியும் பூசலும் இவற்றோடு சேர்ந்தன. ஆசிரியர் எழுதியது ஒன்றாகவும் மேடையில் நிகழ்வது மற்றொன்றாகவும் ஆயிற்று. சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்துதல் என்னும் முறைமையில் சுவாமிகள் ஈடுபட்டமைக்கு இதுவே காரணமாக அவருடைய மாணவர்களால் சுட்டப்படுகிறது. முதலில் ஜெகந்நாத ஐயரின் பாலமீனரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராக இருந்தார். பின்னர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பெற்றது. சபையின் பெயரே அதன் நோக்கத்தை உரைக்கிறது: வித்துவமும் பாலமும் ஒருங்கே.

பாலர் சபை, குருகுலமும் தொழிற்கூடமும் கலந்த ஓர் அமைப்பு. சிறுவர்கள் சபையிலேயே உண்டு உறங்கினர். காலையில் பாட்டுப் பயிற்சி, பின்னர்ப் பாடம், பிற்பகலில் ஒத்திகை, இரவில் நாடகம். ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு வேடத்திற்கு ஒருவர் என்றில்லாமல் பல வேடங்களையும் பலர் கற்றிருந்தமையால் எவரும் சபையை நிறுத்திவைக்க முடியாது. பெண்வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். சுவாமிகள் வேண்டிய ஒழுங்கு இவ்வாறு கைகூடியது.

அதற்குச் சிறுவர்கள் கொடுத்த விலையையும் மறைத்தல் கூடாது. பெற்றோரின் வறுமையே பெரும்பாலும் அவர்களைச் சபைக்கு அனுப்பியது. பள்ளிக் கல்வி இல்லை, அடி உண்டு, இரவுத் தூக்கம் இல்லை. மகரக்கட்டு உடையும் வயது வந்ததும், அதுவரை கொட்டகையை நிரப்பிய குரல் ஒரே மாதத்தில் பயனற்றுப் போகும். கதாநாயகனாய் இருந்தவன் திரைஇழுக்கும் பையன் ஆவதும் உண்டு. சுவாமிகளின் பெருமையைப் போற்றும் நூல்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. ஒத்திகையின் வெற்றி என்று வரலாறு கூறுவதில் மறுத்துப் பேச வாய்ப்பற்ற சிறார்களின் பணிவும் ஒரு பங்காகும்.

தி. க. சண்முகம் உடன்பிறந்தாரோடு இச்சபையில் சேர்ந்தது 1918இல். அப்போது அவருக்கு வயது ஆறு. தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேட நடிகர். சிறுவன் சண்முகத்தின் திறங்கண்டு அவனுக்கெனவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் அனைவரும் அறிந்த செய்தி. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நாடகம் அடித்தல் திருத்தலின்றி உருவாயிற்று என வியப்பதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. அதனினும் முதன்மையானது, நடிகன் முன்னும் நாடகம் பின்னுமாக அமைந்த வரிசைமுறை. அச்சிறுவனின் குரல் எட்டும் எல்லையையும் நினைவாற்றலையும் உருவத்தையும் அளந்து தைத்த சட்டை அந்நாடகம். வயதிற் சிறிய வீரன் ஒருவனைக் கதைத்தலைவனாகத் தெரிந்தெடுத்ததே பயிற்றுநரின் கண்.

இறுதிக் காலம்

இறுதி ஆண்டுகளில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் செயலிழந்ததோடு பேச்சும் அற்றது. நாவினாலேயே ஆசிரியராய் இருந்தவர் நாவிழந்தார். எனினும் சபையைப் பிரியவில்லை. சபையும் அவரைக் கைவிடவில்லை. ஊர்விட்டு ஊர் செல்லும்போதெல்லாம் உடன் கொண்டுசெல்லப்பெற்றார். அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களை அவர் முன்னிலையில் சிறுவர்கள் நடித்துக்கொண்டிருந்தனர். சபை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது நினைவிடம் அந்நகரின் கருவடிக்குப்பத்தில் உள்ளது.

தி. க. சண்முகம் உடன்பிறந்தார் 1925இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கி, ஆசிரியரின் ஒழுங்கைக் காத்தனர். ஆயினும் எம். கந்தசாமி முதலியார் போன்றோரின் வழிகாட்டலில் அச்சபை நாளடைவில் உரைநடைச் சமுதாய நாடகங்களை நோக்கித் திரும்பியது. 1931இல் பேசும்படம் தமிழுக்கு வந்தது, கொட்டகைகள் படக்கொட்டகைகளாயின, பாலர் சபைகளில் வளர்ந்தோர் திரையுலகிற்குப் பெயர்ந்தனர். சுவாமிகள் கட்டிய நிறுவன வடிவம் இரண்டு தலைமுறைக்குள் மறைந்தது.

திண்டுக்கல் சமவெளியில் இன்று

மறையாமல் நின்றது அவர் அஞ்சி விலகிய வடிவம். தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெறும் நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகம், மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்களை நடுவாகக் கொண்டு இன்றும் நிகழ்ந்துவருகிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அதுவரை மதுரை மாவட்டத்தின் பகுதியாய் இருந்த நிலம் ஆதலின், நாடகத் தொழிலில் அவ்வுறவு இன்னும் அறவில்லை. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரச் சிற்றூர்களில் அம்மன் திருவிழா என்றால் நாடகமும் உண்டு. இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும். மிகுதியாக நடிக்கப்பெறுவது வள்ளி திருமணம். பழனி மலையடிவாரத்து நிலத்தில் முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வரும் கதைக்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை.

இம்மேடையில் இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. எந்தக் கட்டையில் பாடுவது என ஆர்மோனியக்காரரோடு பேசிக்கொள்வதே முன்னேற்பாடு. பபூனும் நடனக்காரியும் தொடக்க நேரத்தைத் தமதாக்கிக்கொள்கின்றனர். நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கம், நடிகர்களின் திறத்துக்கேற்ப அரைமணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். சுவாமிகள் வெறுத்த சொந்தச் சரக்கும் மடக்குதலும் இங்குக் குறையாகக் கருதப்படாமல் அவையினர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கட்டங்களாகிவிட்டன.

இதனை வீழ்ச்சி என்று ஒதுக்கும் ஆய்வாளரும் உளர். அக்கருத்து முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஒருவரையொருவர் அறியாத நடிகர்கள் ஒத்திகையின்றி எட்டுமணி நேர நாடகத்தை நடத்த முடிகிறதென்றால், அவர்களுக்குள் பொதுவான ஒரு பாடம் ஏற்கெனவே இருத்தல் வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின் யார் நுழைவது, எந்த விருத்தம் முடிந்தால் எதிர்ப்பாட்டு, எங்கே வசனம் நீளலாம், எங்கே நீளக்கூடாது என்பன அனைத்தும் சுவாமிகளின் பாடத்திலேயே வகுக்கப்பட்டுள்ளன. சந்தமே நடையை வகுக்குமாறு எழுதியதன் பயன், இயக்குநர் இல்லாத இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. மாறாக, பாடத்தின் அச்சுப்படிகளை மட்டும் கொண்டு அவருடைய நாடகங்களை மதிப்பிடுவோர்க்கு இக்கூறு புலப்படுவதில்லை. இடைச்செருகல் நீக்கிய செம்பதிப்பு வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே. ஆனால் எது இடைச்செருகல், எது நடிகனுக்கென ஆசிரியரே விட்ட இடைவெளி என்பதை ஏட்டைக்கொண்டு மட்டும் தீர்மானித்தல் அரிது. சங்க நடிகர்களின் நினைவில் உள்ள பாடவேறுபாடுகள் ஒலிப்பதிவு செய்யப்பெற்று, அச்சுப்படிகளோடு ஒப்பிடப்பெறுதல் வேண்டும். மூத்த நடிகர்களும் பின்பாட்டுக்காரர்களும் ஆண்டுதோறும் குறைந்துவருவதால் இப்பணி நெடுநாள் காத்திருக்க இயலாதது.

மதுரைத் தமுக்கம் பகுதியில் சுவாமிகளுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை செய்வோர் அவர் வளர்த்த பாலர் சபைகளின் வழிவந்தோர் அல்லர். ஓரிரவு ஒப்பந்தத்தில் ஊர் ஊராய்ச் செல்லும் ஸ்பெஷல் நாடக நடிகர்களே. அவரை அவர்கள் வாத்தியார் நிலையிலேயே வைத்து வணங்குகின்றனர்.